பாரிசவாதத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு

பாரிசவாதம் வந்து பிழைத்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவரை மனச்சோர்வு பிடிக்கிறது, அதிகமாக முதல் வருடத்திலேயே. வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிரஷருக்கும் சீனிக்கும் கிளினிக் கொப்பியோடு மாதாமாதம் வருபவர்கள் மனசைப் பற்றி வாய் திறப்பதில்லை. “அப்பா கையைத் தூக்கவே மாட்டேங்கிறாரு, எல்லாம் அடம்” என்று கூட வந்த மகள் குறைப்படும்போதுதான் விஷயம் வெளிவருகிறது. அதற்குள் பயிற்சியால் கையை மீட்டிருக்கக்கூடிய மாதங்கள் போய்விடுகின்றன.

அடம் அல்ல, நோய்

இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெடுவது, சோறு வேண்டாமென்பது, பேரப்பிள்ளை வந்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வது, “எல்லாருக்கும் பாரமாயிட்டேன்” என்பது எல்லாம் இதன் அடையாளங்கள். பேச்சு இழந்தவரிடம் முகத்தையும் சாப்பாட்டையும்தான் கவனிக்க வேண்டும். நோயைக் கண்டறிய ஒரு கேள்விப் பட்டியலும் சில இரத்தப் பரிசோதனைகளும் உதவும்.

சொல்லப்படுபவையும் செய்யப்படுபவையும்

“கை கால் விழுந்தவருக்குக் கவலை இல்லாமல் இருக்குமா?” கேட்க நியாயமாக இருப்பதால், அதிகம் கெடுப்பது இந்தப் பேச்சுதான். கவலை இயல்பே, மாதக்கணக்கில் ஆளை முடக்குவது சிகிச்சை வேண்டிய நோய்.

செய்வினை என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதோடு நின்றால் பெரிய கெடுதல் இல்லை. கயிறு கட்டியாயிற்றே என்று பிரஷர் மாத்திரையை நிறுத்துவதுதான் இரண்டாவது வாதத்தைக் கொண்டுவருகிறது. உணர்ச்சியற்ற காலில் கொதிக்கக் கொதிக்க எண்ணெய் தேய்த்தால் தோல் வெந்து புண்ணாகும். வலி தெரியாததால் புண்ணும் பிந்தியே கண்ணில் படும். மனசு லேசாக மாலையில் ஊற்றிக்கொடுக்கும் சாராயம் பிரஷரை ஏற்றும், சோர்வைக் கூட்டும்.

மனச்சோர்வு மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம் என்று பயப்படும் அதே வீட்டில், யாருக்கோ எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரை கைமாறுகிறது. அடிமையாக்கக்கூடியது அந்தத் தூக்க மாத்திரைதான். அதை விழுங்கி இரவில் லயத்துப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், இருந்த நடையும் போச்சு.

சிகிச்சை

செர்ட்ராலின், எஸ்சிட்டாலொப்ராம் போன்றவை வழக்கமாகத் தரப்படுகின்றன. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் “சரிவரல” என்று நிறுத்துவோரே அதிகம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், திடீரென நிறுத்தக்கூடாது. அஸ்பிரின், வோர்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தக்கசிவு அபாயம் கூடலாம் என்பதால் வைத்தியரிடம் எல்லா மாத்திரையையும் காட்ட வேண்டும். வாதம் வந்த எல்லோருக்கும் இவை தேவையில்லை: 2018இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், எல்லோருக்கும் கொடுத்த இதே வகை மாத்திரையான ஃப்ளூவொக்ஸெட்டீன் கை கால் மீட்சிக்கு உதவவில்லை, எலும்பு முறிவைக் கூட்டியது.

மாத்திரையோடு பேச்சு வழிச் சிகிச்சையும் உடற்பயிற்சியும் வேண்டும். வாசலில் உட்கார்ந்து நல்ல கையால் போஞ்சி ஆய்வதும் பயிற்சிதான்.

வீட்டார் செய்ய வேண்டியது

கிளினிக் நாளில் துணைக்கு வருபவருக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். அது சின்ன இழப்பல்ல. ஆனாலும் தயவுசெய்து அழைத்து வாருங்கள். உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் அடிக்கும் மருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகே இலங்கையில் தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. “செத்தாத் தேவல” என்று ஒருவர் சொன்னால் அதை அடுத்த கிளினிக்குக்குத் தள்ளக்கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், அதுவரை அவரைத் தனியே விடக்கூடாது. தேசிய மனநல உதவி இலக்கம் 1926.