முயலின் இனத்தை நிறம் காட்டுமா?

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூர் போன்ற மானாவாரிப் பகுதிகளில், ஆடு, கோழியுடன் சில முயல்களையும் வளர்த்து உபரி வருமானம் பெறலாம். முயலின் சினைக்காலம் ஒரு மாதமே. ஓர் ஈற்றில் 5 முதல் 8 குட்டிகள் வரை கிடைக்கும். ஆனால் தாய் முயல் எந்த இனம் என்று தெரியாமல் வாங்கினால் போட்ட பணம் திரும்புவது கடினம். வெள்ளை உரோமத்தையும் சிவந்த கண்ணையும் காட்டி, ‘சீமை இனம்’ என்று கூடுதல் விலை சொல்வாரும் உண்டு. நிறம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது.

வெள்ளை உரோமம், சிவந்த கண்

நியூசிலாந்து வெள்ளை, வெள்ளை ஜெயண்ட் ஆகிய இரண்டு இறைச்சி இனங்களுக்கும் தூய வெள்ளை உரோமமும் சிவந்த கண்ணும் உண்டு. இவற்றின் உடலில் நிறமி உண்டாவதில்லை. ஆகவே கண்ணின் உள்ளே ஓடும் இரத்தத்தின் நிறமே வெளியே தெரிகிறது. இது நோய் அன்று. இமை சிவந்து வீங்கி நீரோ பீளையோ வடிந்தால்தான் நோய்.

சிவந்த கண்ணுள்ள இரு தூய வெள்ளை முயல்களை இணை சேர்த்தால், அவை எந்த இனமானாலும், பிறக்கும் குட்டிகள் அனைத்தும் வெள்ளையாகவே இருக்கும். 2 கிலோவுக்கு மேல் வளராத சிறிய வெள்ளை முயலுக்கும் பெரிய இனத்துக்கும் பிறந்த கலப்புக் குட்டியும் பார்வைக்குத் தூய இனம் போலவே தோன்றும். ஆகவே வெள்ளை முயலில் நிறத்தை மட்டும் கொண்டு இனத்தை உறுதி செய்ய இயலாது.

காதும் மூக்கும் கறுத்த முயல்

உடல் வெள்ளையாகவும், காது, மூக்கு, பாதம், வால் ஆகியவை கறுப்பாகவும், கண் சிவப்பாகவும் இருந்தால் கலிபோர்னியன் இனமாக இருக்கலாம். இதன் கருமை உடலின் குளிர்ச்சியான பாகங்களில் மட்டுமே படியும். எனவே வெப்பமான ஊர்களில் இந்தக் கருமை சற்று வெளிறுவது இயல்பு. குட்டிகளிலும் கருமை மெல்ல மெல்லத்தான் கூடும். நியூசிலாந்து வெள்ளையுடன் கலந்து பிறந்த குட்டிகளிலும் மங்கலான கருமை காணப்படும்.

சாம்பல் நிற முயல்

சோவியத் சின்சில்லா இனத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முதுகு உரோமத்தின் மேல் வாயால் ஊத வேண்டும். உரோமம் பூப்போல் விரிந்து அடியில் கருநீலச் சாம்பல், அதன் மேல் வெண்சாம்பல், நுனியில் கருமை என்று வளையங்களாகத் தெரியும். கண் பழுப்பு நிறமாக இருக்கும். நடு வளையம் மஞ்சள் கலந்த பழுப்பாகத் தோன்றினால் அது சின்சில்லா அன்று.

முகத்தின் நடுவில் வெள்ளைப் பட்டையும், தோளைச் சுற்றி வெள்ளை வளையமும், பின்பகுதியில் கறுப்பும் கொண்டது டச்சு இனம். இது சிறியது. அழகுக்கு ஏற்றது, இறைச்சிக்கு ஏற்றதன்று. நீண்ட உரோமமுள்ள அங்கோரா குளிர்ப் பிரதேசத்துக்கே உரியது.

காட்டு முயல் வேறு

தரிசிலும் புதரிலும் திரியும் காட்டு முயலுக்குப் பழுப்பு உரோமமும் பிடரியில் கருந்திட்டும் இருக்கும். வீட்டு முயலின் குட்டி உரோமமின்றி, கண் மூடியபடி பிறந்து 10 நாட்களுக்குப் பிறகே கண் திறக்கும். காட்டு முயலின் குட்டியோ உரோமத்துடன் கண் திறந்தே பிறக்கும். இவை இரண்டும் கலந்து இனம் பெருகாது. மேலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும்.

வாங்கும் முன்

நிறத்தைப் பார்த்தபின் தராசை நாட வேண்டும். மேலே கூறிய இறைச்சி இனங்களில் நன்கு வளர்ந்த முயல் ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ எடை இருக்கும். குட்டிகள் நல்ல தீவனத்தில் 12 வாரத்தில் 2 கிலோவை எட்டும். ஆகவே குட்டியை மட்டும் பார்த்து விலை பேசாமல், தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லி எடை போட்டுப் பார்க்க வேண்டும். பிறந்த தேதி, ஈன்ற குட்டிகளின் எண்ணிக்கை ஆகிய குறிப்புகளையும் கேட்க வேண்டும். ஆணையும் பெண்ணையும் ஒரே ஈற்றிலிருந்து வாங்கக் கூடாது.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களை வளர்த்து வருகிறது. இத்தகைய அரசு நிலையங்களில் வாங்குவது நம்பகமானது. அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் ஆலோசனையையும் பெறலாம்.

எந்த இனமாயினும் இப்பகுதியின் கோடை வெயில் முயலுக்கு ஆகாது. கடும் வெப்பத்தில் ஆண் முயலின் இனவிருத்தித் திறன் குறையும். கூண்டைக் காற்றோட்டமுள்ள நிழலில் வைத்து, எப்போதும் குளிர்ந்த நீர் கிடைக்கச் செய்ய வேண்டும். சிவந்த கண்ணுள்ள முயல்களுக்கு வெளிச்சம் கூசுமாதலால் நிழல் இன்னும் அவசியமாகும்.