‘நடுவுல ஒரு வருஷம் எங்கே போச்சு டாக்டர்?’ - நேர்காணலில் இந்தக் கேள்வி வந்தால்...

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இருக்கிறது இண்டூர். இந்தப் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்துவிட்டால் ஊருக்கே அதுதான் பேச்சு. 2008-ல் தர்மபுரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு வந்தது. வீட்டில் யாருமே காலேஜ் வாசலை மிதித்திராத குடும்பங்களிலிருந்தும் டாக்டர்கள் வர ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒரு பிள்ளை எம்.எஸ். படிக்கும்போது, பாதியில் ஆறு மாதம் வீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால்? ``லீவுல வந்திருக்கான்’’ என்று அம்மா சமாளித்துவிடுவார். ஊரைச் சமாளிக்கலாம். அதன் பிறகு வரும் ஃபெல்லோஷிப் நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருக்கும் மூன்று சர்ஜன்களை என்ன செய்வது?

எம்.சிஎச். சேர்வதற்கு எழுதும் நீட் எஸ்.எஸ். தேர்வில் இந்தத் தொல்லை இல்லை. ரேங்க், கலந்தாய்வு, சீட். உங்கள் கதையை யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் பெரிய மருத்துவமனைகள் தாங்களே நடத்தும் ஃபெல்லோஷிப்புக்கும், வெளிநாட்டுப் பயிற்சிக்கும் பெரும்பாலும் நேர்காணல் உண்டு. `பயிற்சிக் காலத்தில் நீங்கள் சந்தித்த பெரிய சிரமம் ஒன்றைச் சொல்லுங்கள்’ என்பது அங்கே வழக்கமான கேள்வி. பத்தாம் வகுப்பிலிருந்து மார்க்கை மட்டுமே சொல்லிப் பழகிய நம் பிள்ளைகள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ஒன்று, ``அப்படி எதுவும் இல்லை சார்’’ என்று மழுப்புவார்கள். இல்லையென்றால் அப்பாவின் கடனிலிருந்து ஆரம்பித்து, கண் கலங்கும் வரை போய்விடுவார்கள்.

கேட்பவருக்கு வேண்டியது வேறு. நள்ளிரவில் தியேட்டரில் ரத்தம் நிற்காமல் போகும்போது இவர் சீனியரைக் கூப்பிடுவாரா, கௌரவம் பார்த்து மறைப்பாரா? அதைத்தான் அவர் உங்கள் பதிலில் தேடுகிறார். அதனால் `எதுவும் இல்லை’ என்ற பதில் அவரைக் கொஞ்சம் பயமுறுத்தும்.

சிரமமே இல்லாத பயிற்சி என்று எதுவும் இல்லை என்பது எதிரே இருப்பவருக்கும் தெரியும். தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் ஓர் அறிக்கை கொடுத்தது. ஆய்வில் பங்கேற்ற 5,337 முதுநிலை மாணவர்களில் 31 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர், தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. வாரம் 48 மணி நேரம்தான் என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது என்பதை நினைத்தால் சிரிப்பதா, அழுவதா தெரியவில்லை.

டாக்டர் மேரி வர்கீஸை இங்கே சொல்ல வேண்டும். வேலூர் சி.எம்.சி-யில் மகப்பேறு மருத்துவம் பயின்றுகொண்டிருந்தவர். 1954-ல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. நின்றுகொண்டு ஆபரேஷன் செய்ய முடியாது. உட்கார்ந்தே செய்யக்கூடியது கை அறுவை சிகிச்சை. டாக்டர் பால் பிராண்டின் வழிகாட்டுதலில், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி தொழுநோயாளிகளின் கைகளைச் சீராக்கினார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்க்கிடம் மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, சி.எம்.சி-யில் அதற்கான துறையைத் தலைமையேற்று நடத்தினார். 1972-ல் பத்மஸ்ரீ. அவருடைய கதையை மூன்று வரியில் சொல்லிவிடலாம் என்பதைக் கவனியுங்கள்: என்ன நடந்தது, என்ன செய்ய முடிந்தது, அதை வைத்து என்ன செய்தார்.

நேர்காணலிலும் அதே அளவு போதும். ``இரண்டாம் ஆண்டில் அம்மாவுக்குப் புற்றுநோய். நான்தான் ஒரே பிள்ளை. முறைப்படி விடுப்பு எடுத்தேன். திரும்பி வந்ததும் விட்டுப்போன கேஸ்களை மூன்றாம் ஆண்டில் ஈடுகட்டினேன். என் லாக் புக்கில் இருக்கிறது’’ என்று ஒருவர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். அரை நிமிடம்தான். அதில் தேதி இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது. யூனிட் சீஃப் லீவு தர இழுத்தடித்திருக்கலாம். அதை இங்கே இறக்கி வைக்க வேண்டாம். நியாயமான கோபமாகவே இருந்தாலும், அடுத்து நம்மைப் பற்றியும் இப்படித்தான் வெளியே பேசுவாரோ என்று எதிரே இருப்பவருக்குத் தோன்றிவிடும்.

மன அழுத்தத்துக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ``உடல்நலக் காரணம், சிகிச்சை எடுத்தேன், முழு டியூட்டிக்குத் திரும்பி ஒன்றரை வருடம் ஆகிறது’’ என்பது பொய்யில்லாத பதில். பிரிட்டனில் வேலை உறுதியாகும் முன் உடல்நலக் கேள்வி கேட்பதற்கே 2010-ம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பெரும்பாலும் தடை போடுகிறது. நம் ஊரில் அந்த நாகரிகம் இன்னும் முழுதாக வரவில்லை. பெண் டாக்டரிடம் ``கல்யாணம் எப்போ?’’ என்று கேட்கும் இடங்கள் உண்டு. ``பயிற்சியை முழுமையாக முடிப்பேன் சார்’’ என்று சிரித்தபடி நகர்ந்துவிடுவதே நல்லது.

இடைவெளியைத் தேதி மாற்றி மறைப்பதுதான் கூடவே கூடாது. சான்றிதழைச் சரிபார்க்கும்போது ஒரு மாத வித்தியாசம்கூடத் தெரிந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களும் இதில் உதவலாம். பிள்ளையை எதிரே உட்காரவைத்து, நேர்காணல் செய்பவர் மாதிரி கேட்டுப் பாருங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டால் தமிழிலேயே கேளுங்கள். சொல்லும்போது பிள்ளைக்குக் குரல் உடைந்தால், அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை என்று பொருள். அந்த நிகழ்ச்சியை விட்டுவிட்டு, நேர்காணலுக்கு வேறொன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தூக்கம், சாப்பாடு குறைந்திருந்தால் நேர்காணல் பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கச் சொல்லுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.