வளையத்தின் கீழ் நின்ற மனிதர்

விளையாட்டு வீரர் ஒருவரை நாம் நேசிப்பதற்குக் காரணங்கள் பல. சிலர் வேகத்துக்காக நேசிக்கப்படுகிறார்கள். சிலர் அழகான ஆட்டத்துக்காக. சிலர் வென்ற கோப்பைகளின் எண்ணிக்கைக்காக. எங்கள் சிறுநீரக மருத்துவப் பிரிவில் கூடைப்பந்து ரசிகர்கள் சிலர் இருக்கிறோம். எவருடைய ஆட்டம் பிடிக்கும் என்று எங்களைக் கேட்பவர்கள் மைக்கேல் ஜோர்டன் என்ற பெயரையே எதிர்பார்க்கிறார்கள். நாங்கள் சொல்லும் பெயர் அலொன்சோ மோர்னிங். அதற்குக் காரணம் ஆடுகளத்தில் பாதி இருக்கிறது. மறுபாதி, இந்த இதழை வாசிக்கும் உங்களுள் பலருக்கு நன்கு தெரிந்த இரத்தப் பரிசோதனைத் தாள்களில் இருக்கிறது.

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தவர் மோர்னிங். பெற்றோர் பிரிந்தபின் வளர்ப்பு இல்லத்தில் வளர்ந்தார். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்து, 1992இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். உயரம் ஏறத்தாழ 208 சென்டிமீட்டர். அவர் ஆடிய இடம் ‘சென்டர்’. அதாவது, கூடையின் அடியில் நின்று எதிரணியினர் எறியும் பந்தைத் தட்டிவிடும் காவல் பணி. பந்தைக் கூடையில் இடுபவருக்குக் கிடைக்கும் கைத்தட்டல் அதைத் தடுப்பவருக்கு எளிதில் கிடைப்பதில்லை. ஆயினும் 1999, 2000 ஆகிய இரு ஆண்டுகளும் அந்நாட்டுக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.யின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது அவருக்கே வழங்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியிலும் அவர் இருந்தார்.

உச்சியில் வந்த நோய்

அந்த ஒலிம்பிக் முடிந்து ஊர் திரும்பிய சில நாள்களிலேயே நோய் வெளிப்பட்டது. கால்களில் வீக்கம், விளங்காத சோர்வு. பரிசோதித்தபோது சிறுநீரகத்தின் வடிகட்டிகள் தழும்பேறிச் சுருங்கிவருவது தெரிந்தது. ‘போக்கல் செக்மெண்டல் குளோமருலோஸ்கிளிரோசிஸ்’ என்பது அந்நோயின் பெயர். பெயர்தான் நீளம், நடப்பது எளிதில் விளங்கும். நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. நல்ல வடிகட்டி கழிவை வெளியே விட்டு, புரதத்தை இரத்தத்திலேயே நிறுத்திவைக்கும். தழும்பேறிய வடிகட்டியில் புரதம் ஒழுகுகிறது. அதனால் சிறுநீர் நுரைக்கிறது. உடலில் நீர் கோத்துக் கால் வீங்குகிறது. தழும்பேறிய வடிகட்டி மீண்டும் முளைப்பதில்லை.

அப்போது அவருக்கு வயது 30. உலகின் மிகவும் வலிமையான உடல்களுள் ஒன்று என்று எண்ணப்பட்ட உடல் அது. சிறுநீரக நோய் ஆளைப் பார்த்து வருவதில்லை என்பதை நாங்கள் நாள்தோறும் நோயாளர்களிடம் சொல்கிறோம். “நான் நல்லாத்தானே இருந்தேன், டாக்டர், எனக்கு எப்படி வந்தது?” என்று கேட்பவர்களின் கண்ணீருக்கு அச்சொல் போதுவதில்லை. அத்தகைய வேளையில் மோர்னிங்கின் கதை எங்களுக்குத் துணை நிற்கிறது. உங்கள் உடலை நீங்கள் புறக்கணித்ததால்தான் இந்நோய் வந்தது என்ற குற்றவுணர்வைச் சிலரேனும் அதைக் கேட்டு இறக்கிவைத்திருக்கிறார்கள்.

மருந்துகளோடு அவர் 2001இன் வசந்தகாலத்தில் களத்துக்குத் திரும்பினார். அடுத்த ஆட்டப் பருவத்தில் முழுமையாக ஆடினார். அதற்கடுத்த பருவம் முழுவதும் ஆட இயலவில்லை. 2003இல் நியூ ஜெர்சி அணியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். அவ்வாண்டு நவம்பரில் சிறுநீரகங்கள் மேலும் தளர்ந்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தான அளவை நெருங்கியது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத்துடிப்பு தாளம் தவறும். முன்னறிவிப்பின்றி இதயம் நின்றுவிடவும் கூடும். இளநீரும் வாழைப்பழமும் வேண்டாம் என்று உங்களிடம் நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். மருத்துவர்கள் எச்சரித்தார்கள்; அவர் ஓய்வு அறிவித்தார்.

எங்கள் வியப்பு இங்கேதான் தொடங்குகிறது. வலியைத் தாங்கிக்கொண்டு ஆடுவதே வீரம் என்று போற்றும் உலகில், ‘நிறுத்துகிறேன்’ என்று சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும். மருத்துவர் வேண்டாம் என்றதைக் கேட்டு நின்றதனால்தான் அவர் மீண்டும் ஆட உயிரோடிருந்தார்.

கொடுத்தவர்

செய்தி பரவியதும் சிறுநீரகம் தர முன்வந்தவர்கள் உண்டு. அவர்களுள் ஒருவர் பாட்ரிக் யூயிங். அதே பல்கலைக்கழகத்தில் அவருக்கு முன் படித்தவர், களத்தில் பல ஆண்டுகள் அவரை எதிர்த்து ஆடிய நியூயார்க் அணியின் நட்சத்திரம். இறுதியில் பொருந்தியது ஜேசன் கூப்பர் என்ற உறவினருடைய சிறுநீரகம். அமெரிக்கக் கடற்படைப் பிரிவொன்றில் பணியாற்றியவர் அவர். இருவரும் நெடுங்காலம் சந்தித்ததே இல்லை. 2003 டிசம்பர் 19 அன்று நியூயார்க்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

சிறுநீரகம் பெறுவதில் நம் நோயாளர் பலருக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. “என் தம்பிக்கு ஏன் கஷ்டம் கொடுக்க வேண்டும்?” என்பார் ஒருவர். “அவள் சிறு பிள்ளைகளை வளர்க்க வேண்டியவள்” என்பார் மனைவியைப் பற்றி மற்றொருவர். இத்தயக்கம் அன்பிலிருந்து பிறப்பது. ஆகவே அதை மதிக்கிறோம். ஆயினும் சில உண்மைகளைச் சொல்ல வேண்டும். முழுமையாகப் பரிசோதிக்கப்பட்டுத் தகுதி பெற்ற கொடையாளர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு இயல்பான வாழ்வு வாழ முடியும். எஞ்சிய சிறுநீரகம் தன் வேலைத்திறனைக் கூட்டிக்கொள்ளும். கொடையாளருக்கும் அறுவையின் இடர் உண்டு. ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், சிறுநீர், கிரியாட்டினின் பரிசோதனை வேண்டும். இவற்றை மறைக்காமல் சொல்லி, அவரே மனமுவந்து முடிவெடுக்க விடுவது எங்கள் கடமை.

நம் நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்வது நல்லது. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டமும் 2011இல் வந்த திருத்தமும் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் ஆகியோரை நெருங்கிய உறவினர் என்கின்றன. பெரியப்பா மகனோ அத்தை மகளோ அப்பட்டியலில் இல்லை. அவர்கள் கொடுக்க விரும்பினால், பணம் கைமாறவில்லை என்பதை ஆராய்ந்து அனுமதிக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

மீண்டும் களத்தில்

மாற்றுச் சிறுநீரகத்தை விலா எலும்புகளின் பாதுகாப்புக்குள் பொருத்துவதில்லை. அடிவயிற்றில், இடுப்பெலும்பின் அருகே வைக்கிறோம். முழங்கை இடிக்கும் ஆட்டத்தில் அதற்கு அடிபடும் ஆபத்து உண்டு. ஆகவே, மோதல் மிகுந்த விளையாட்டைப் பெரும்பாலான நோயாளர்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மோர்னிங் வயிற்றின்மேல் தனிக்கவசம் அணிந்து ஆடினார். அவருக்கு முன்னரே, 1999இல் தம் அண்ணனின் சிறுநீரகத்தைப் பெற்ற ஷான் எலியட் 2000இல் களத்துக்குத் திரும்பி வழிகாட்டியிருந்தார்.

2004இல் திரும்பிய மோர்னிங், மறு ஆண்டு தம் பழைய மயாமி அணியில் மீண்டும் இணைந்தார். முன்பு அணியின் தூணாக நின்றவர், இப்போது ஷகீல் ஓ’நீல் இளைப்பாறும் நிமிடங்களில் மட்டும் ஆடும் மாற்று வீரர். அதை அவர் குறைவாக எண்ணவில்லை. 2006 ஜூன் 20 அன்று டல்லாஸ் அணிக்கு எதிரான இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், கிடைத்த சிறிது நேரத்தில் 8 புள்ளிகள் எடுத்தார். எதிரணி எறிந்த பந்தை 5 முறை தட்டிவிட்டார். மயாமி 95–92 என வென்று முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது.

2007 டிசம்பரில் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2009இல் ஓய்வு பெற்றார். அவருடைய 33ஆம் எண் சட்டையை மயாமி அணி இனி எவருக்கும் தருவதில்லை. 2014இல் கூடைப்பந்தின் புகழ் மாளிகையில் அவர் சேர்க்கப்பட்டார். சிறுநீரக நோயாளர்களுக்காக நிதி திரட்டினார். 2024இல் தமக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவை நடந்ததை வெளிப்படையாகச் சொல்லி, பரிசோதித்துக்கொள்ளுமாறு ஆண்களை வேண்டினார்.

எதை எடுத்துக்கொள்வது?

அவரைப் போல நீங்களும் ஆட வேண்டும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. அவருக்கு வாய்த்த வசதிகள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அவருக்கு வந்த நோய், மாற்றிய சிறுநீரகத்திலும் சிலருக்குத் திரும்பி வருகிறது. கொடையாளர் கிடைக்காமல் டயாலிசிசிலேயே தொடர்பவர்கள் மன உறுதியில் அவருக்கு எவ்வகையிலும் குறைந்தவர்கள் அல்லர். வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்துவிட்டு வேலைக்கும் வீட்டுக்கும் திரும்புகிறவர்களை எங்கள் பிரிவில் தினமும் காண்கிறோம்.

நாங்கள் அவரிடம் வியப்பது மூன்று. நோயை மறைக்காமல் சொன்னார். நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினார். கொடுக்க வந்த கையை மறுக்காமல் ஏற்று, பெற்றதைப் பாதுகாத்தார். சிறுநீரகம் பெற்றவர் நாள்தோறும் குறித்த வேளையில் எதிர்ப்புத்திறன் அடக்கும் மாத்திரைகளை விழுங்க வேண்டும். “நன்றாகத்தான் இருக்கிறேனே” என்று எண்ணி அவற்றை நிறுத்திச் சிறுநீரகத்தை இழந்தவர்கள் உண்டு. கொடுத்தவருக்கு நாம் செலுத்தும் நன்றி, காலையும் இரவும் கடிகாரம் பார்த்து அம்மாத்திரைகளைத் தவறாமல் எடுப்பதுதான்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கால் வீக்கம், நுரைக்கும் சிறுநீர், காரணமற்ற அசதி ஆகியவற்றை வீட்டில் எவரிடம் கண்டாலும், வலி மாத்திரை கொடுத்துக் காலம் தாழ்த்தாதீர்கள். பல வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுப்பவை. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு கிரியாட்டினின் பரிசோதனை, ஓர் இரத்த அழுத்த அளவீடு: இம்மூன்றும் ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடும். அடுத்த முறை நோயாளருடன் மருத்துவமனைக்கு வரும்போது, துணைக்கு வரும் நீங்களும் அவற்றைச் செய்துகொண்டு செல்லுங்கள்.