பிரேசில் அணிலுக்கு எந்தப் பெயர் சரி?

பள்ளி ஒப்படைப்புக்கு நாள் நெருங்கிவிட்டது. ஒரு புத்தகத்தில் சியூரஸ், இன்னொன்றில் குவெர்லிங்கெட்டஸ். எதை எழுதுவது என்று கேட்டு மாணவர்களும் பெற்றோரும் கடிதம் எழுதியபடி இருக்கிறார்கள். இரண்டும் ஒரே அணில்தான்.

லின்னேயஸ் 1766-இல் இதைச் சியூரஸ் எஸ்டுவான்ஸ் என்று பதிந்தார். அதே நூலில் நம் வீட்டு முற்றத்து அணிலையும் சியூரஸ் என்றே சேர்த்தார். நம் அணில் பின்னர் ஃபூனாம்புலஸ் ஆனது. அதில் இன்று யாருக்கும் குழப்பமில்லை. பிரேசில் அணிலின் கதை மட்டும் முடியவில்லை. 1821-இல் கிரே குவெர்லிங்கெட்டஸ் என்ற பேரினத்தை உண்டாக்கினார். 1915-இல் ஆலன் தென் அமெரிக்க அணில்களைப் பல பேரினங்களாகப் பிரித்தார். பின்வந்தவர்கள் மறுபடி ஒன்றாகச் சேர்த்தார்கள். 2005-ஆம் ஆண்டு உலகப் பாலூட்டிப் பட்டியலிலும் சியூரஸ்தான். 2015-இல் பிரேசில் ஆய்வாளர்கள் விவோவும் கார்மிக்னோட்டோவும் குவெர்லிங்கெட்டஸை மீட்டு, கயானா பக்கத்து அணிலை எஸ்டுவான்ஸ் என்றும், அட்லாண்டிக் கரைக்காட்டு அணிலைப் பிரேசிலியென்சிஸ் என்றும் பிரித்தார்கள்.

அதுவரை நடந்த வாதமெல்லாம் பெரும்பாலும் மண்டையோடு, பல், ரோமநிறம் ஆகியவற்றை வைத்துத்தான். 2020-இல் வந்த ஆய்வு வேறு வழியில் போனது. அருங்காட்சியக இழுப்பறைகளில் பழைய அணில் மண்டையோடுகள் கிடக்கின்றன. எவ்வளவு சுத்தம் செய்தாலும் எலும்பு இடுக்கில் காய்ந்த தசைத் துணுக்கு ஒட்டியிருக்கும். இடுக்கியால் அதைச் சுரண்டி எடுத்தாலே போதும். உள்ளே இருக்கும் டிஎன்ஏ நொறுங்கிப் போயிருக்கும். ஆனால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு செல்லிலேயே ஏராளமான பிரதிகளாக இருப்பதால், துண்டுகளைப் பொருத்தி முழு வரிசையையும் படித்துவிடலாம். மண்டையோட்டோடு கட்டிய சீட்டில் பிடித்த ஊரும் தேதியும் உண்டு. ஆக, ஒரு துணுக்கு உறவுமுறையையும் சொல்கிறது, இருப்பிடத்தையும் சொல்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி இது. உருவம் சிறியது என்பதால் ஒரே பேரினத்தில் அடைத்திருந்த குள்ள அணில்கள் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியவை என்று இதில்தான் தெளிவாகத் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே வரும். எப்போதோ இரு இனங்கள் கலந்திருந்தால் அது பாதிக் கதையைத்தான் சொல்லும்.

எனக்குக் கவலை பரவல் வரைபடத்தைப் பற்றியது. சீட்டுகள் தருவது புள்ளிகளை. வரைபடம் காட்டுவது வண்ணம் பூசிய பரப்பை. இடைப்பட்ட நிலமெல்லாம் ஊகம். வெனிசுவேலா முதல் வட அர்ஜென்டினா வரை ஒரே இனம் என்று கொண்டால் 'பரவலாக உள்ளது, கவலை குறைவு' என்று எழுதிவிடலாம். சிவப்புப் பட்டியலின் 'கவலை குறைவு' என்பதற்கு, அந்தப் பெயரின் கீழ் வரும் எல்லா அணிலையும் கூட்டிப் பார்த்தால் ஆபத்தில்லை என்பதுதான் பொருள். அமேசானுக்கும் அட்லாண்டிக் காட்டுக்கும் நடுவே வறண்ட கட்டிங்கா, செராடோ நிலப்பரப்புகள் கிடக்கின்றன. அந்தக் கரைக்காடு பெரும்பாலும் வெட்டப்பட்டு, எஞ்சியது துண்டு துண்டாக நிற்கிறது. அங்குள்ள அணில் தனி இனமானால், அமேசானின் பரப்பைக் காட்டி அதற்கு நிம்மதி சொல்ல முடியாது.

மற்ற கேள்விகள்:

உள்ளூர்ப் பெயர்? கஷிங்கெலே, செரெலேப்பே.

உணவு? பனை வகைக் கொட்டைகள். ஜெரிவாக் கொட்டையின் ஓட்டைப் பல்லால் குடைந்து பருப்பை எடுக்கும்.

சிலியில் உண்டா? அங்கு இயல்பான அணிலே இல்லை.

தென் அமெரிக்காவின் மிகச் சிறிய அணில்? ஐம்பது கிராம்கூட எட்டாத சியூரில்லஸ். அது தனிக் கிளை.

ஒப்படைப்பில் 'குவெர்லிங்கெட்டஸ் எஸ்டுவான்ஸ் (முன்பு சியூரஸ்)' என்று எழுதுங்கள். எந்த ஆண்டுப் பட்டியலைப் பார்த்து எழுதினீர்கள் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.