சாராயத்தில் மெத்தனாலை மோப்பம் பிடிக்க முடியுமா?

2023 மே மாதம் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில், மெத்தனாலைச் சாராயம் என்று நம்பிக் குடித்துப் பலர் செத்துப்போனார்கள். அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். 60 பேருக்கு மேல். ஏர்போர்ட்டில் வெடிமருந்தை மோப்பம் பிடிக்கிற மெஷினைக் கையடக்கமாக்கினால் இதைத் தடுக்கலாமே என்று அப்போதிலிருந்து ஒரு யோசனை மண்டையில் ஓடுகிறது.

அந்த மெஷினின் சூட்சுமம் எளிமையானதுதான். ஆவி மூலக்கூறுகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, காற்று நிரம்பிய குழாய்க்குள் மின்புலத்தால் இழுக்கிறார்கள். சின்ன அயனி காற்றில் அதிகம் முட்டாமல் சீக்கிரம் வந்துவிடும், பெருத்தது தாமதமாகும். 5 செ.மீ. குழாய், சென்டிமீட்டருக்கு 200 வோல்ட் என்றால் சின்ன அயனியின் பயணம் சுமார் 12 மில்லி செகண்ட். வெற்றிடப் பம்ப் தேவையில்லை. அதனால்தான் சுருக்கிப் பார்க்க ஆசை வருகிறது.

சுருக்கினால் வம்பு. பிரித்தறியும் திறன் மொத்த வோல்டேஜின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; மின்புலத்தை மாற்றாமல் நீளத்தை நாலில் ஒன்றாக்கினால் திறன் பாதியாகிவிடும். மின்னேற்றத்துக்கு வழக்கமாக வைப்பது நிக்கல்-63. கதிரியக்கப் பொருள் என்பதால் அனுமதி வாங்கியே நொந்துபோக வேண்டும். ஊசிமுனை மின்னிறக்கம் வைக்கலாம், ஆனால் அது ஓசோனைக் கிளப்பிக் குழப்பும். போதாக்குறைக்கு நம்ம கடற்கரை ஈரக்காற்று: அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டு வேகத்தையே மாற்றிவிடும்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். மெத்தனால் விஷயத்தில் உண்மையான முட்டுக்கட்டை வேறு. குழாய்க்குள் புரோட்டானுக்கு அடிதடி நடக்கிறது. அதைப் பிடித்துக்கொள்கிற மூலக்கூறுதான் அயனியாகும். புரோட்டான் நாட்டம் நீருக்கு 691, மெத்தனாலுக்கு 754, எத்தனாலுக்கு 776 (மோலுக்கு கிலோஜூல்). வெறும் மெத்தனால் என்றால் கருவி காட்டிக்கொடுக்கும். எத்தனாலில் கொஞ்சம் மெத்தனால் கலந்திருந்தால்? எத்தனால் புரோட்டானைப் பிடுங்கிக்கொள்ளும், மெத்தனால் ஒளிந்துகொள்ளும். ‘பயமில்லை’ என்று பொய் சொல்கிற கருவி, கருவியே இல்லாததைவிட மோசம்.

2019-இல் சூரிச் ஈ.டி.எச். ஆய்வாளர்கள் இதைச் சுற்றி வளைத்துக் கடந்தார்கள். டெனாக்ஸ் என்ற பாலிமர்த் தூள் நிரப்பிய ஒரு சின்னக் குழாய். அதற்குள் ஆவியை அனுப்பினால் மெத்தனால் முந்தி வரும், எத்தனால் பிந்தி வரும். பின்னால் இருந்தது அயனிக் கருவிகூட இல்லை, பல்லேடியம் சேர்த்த டின் ஆக்சைடு சென்சார். ரெண்டு நிமிஷத்தில் மெத்தனால் தெரிந்துவிடுகிறது.

ஆகவே அயனிக் குழாயைச் சுருக்கும் வேலையை ஓரமாக வைத்துவிட்டேன். இப்போது முதலில் அந்தப் பிரிப்புக் குழாய்.