முகாமுக்குப் போகும் மகளுக்கு ஓர் உள்ளுறை

பாடசாலை விட்டு வந்த மகள், புத்தகப் பையைக் கழற்றி வைக்கு முன்னரே ஒரு கடிதத்தை உங்கள் கையில் தருகிறாள். சாரணியர் பாசறை. இடம் நுவரெலியா. மூன்று பகல், இரண்டு இரவு. கீழே, கொண்டு வர வேண்டிய பொருட்களின் பட்டியல்: டோர்ச், தட்டு, கோப்பை, சுவெட்டர், மழைக் கோட்டு. கடைசியில் 'ஸ்லீப்பிங் பேக்'.

அந்தக் கடைசிச் சொல்லில்தான் பல தாய்மார்கள் தடுமாறிப் போகிறார்கள். இரண்டு இரவுக்காக ஒரு படுக்கைப் பையை விலை கொடுத்து வாங்க எல்லோராலும் முடியாது. ஆகவே இரவல் தேடுகிறோம். மச்சி வீட்டில் ஒன்று இருக்கிறது. அல்லது பாடசாலையிலேயே சில பைகள் இருக்கின்றன. அதில் இதற்கு முன் யார் படுத்தார்கள்? எப்போது கழுவினார்கள்? இதை யாரும் கேட்பதுமில்லை; கேட்டாலும் பதில் கிடைப்பதுமில்லை.

என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் மூத்த மகள் பதின்மூன்று வயதில் இப்படியொரு முகாமுக்குப் போனாள். இரவல் பையில் படுத்தாள். சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். நான்கு கிழமைகள் கழிந்து, முகாமையே நாங்கள் மறந்திருந்த வேளையில், விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சொறிய ஆரம்பித்தாள். பகலை விட இரவில் அதிகம். சூடு என்று நினைத்துச் சந்தனம் பூசினேன். பிறகு தங்கைக்கும் வந்தது; எனக்கும் வந்தது. டொக்டர் பார்த்துவிட்டு, இது சொறிப் பூச்சி என்றார். முதன்முறை தொற்றும்போது அரிப்புத் தொடங்க இரண்டு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லும் என்றும் விளக்கினார். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து பூசினோம். உடுத்த உடை, விரித்த விரிப்பு எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் ஊற வைத்துக் கழுவினோம்.

அந்தப் பையால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பூச்சி பெரும்பாலும் ஒருவர் தோல் இன்னொருவர் தோலோடு நெடுநேரம் ஒட்டியிருப்பதால்தான் பரவுகிறது. கூடாரத்தில் பிள்ளைகள் நெருங்கித்தான் படுப்பார்கள். ஆனாலும் உடலை விட்டு விழுந்த பூச்சி துணியில் இரண்டு மூன்று நாட்கள் உயிரோடு இருக்கக் கூடியது. ஒரு முகாம் முடிந்து மறுநாளே அதே பை அடுத்த பிள்ளையின் கைக்குப் போனால் என்ன நடக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அடுத்த முறை அவள் முகாம் என்றதும், "வேண்டாம்" என்ற சொல் என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. பதிலாக, அலுமாரியில் கிடந்த ஒரு பழைய பருத்தி விரிப்பை எடுத்து, ஒரு மணி நேரம் தையல் மெஷினில் உட்கார்ந்தேன். அந்த ஒரு மணி நேர வேலையைப் பற்றித்தான் உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

உள்ளுறை என்றால் என்ன?

தலையணைக்கு உறை போடுகிறோம். தலையணையை மாதாமாதம் கழுவுவதில்லை, உறையைக் கழுவுகிறோம். படுக்கைப் பைக்கும் அப்படியே ஓர் உறை. வித்தியாசம் ஒன்றுதான்: இது பைக்கு வெளியே அல்ல, உள்ளே போகிறது. பிள்ளை இந்த உறைக்குள் நுழைந்து படுப்பாள். உறை பைக்குள் இருக்கும். அவளுடைய தோலில் படுவது அவளுடைய சொந்தத் துணி மட்டுமே. முகாம் பொருட்கள் விற்கும் கடைகளில் இதனை 'லைனர்' என்பார்கள்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பாடசாலை ஆசிரியர், மாணவர்களை நடைப் பயணம் அழைத்துச் சென்றவர், 1909ஆம் ஆண்டில் இளைஞர் விடுதி என்ற எண்ணத்தை முன்வைத்தார். 1912இல் ஆல்டெனா என்ற ஊரின் கோட்டையில் அவருடைய விடுதி திறக்கப்பட்டது. அந்த வழியில் பல நாடுகளிலும் எழுந்த விடுதிகளில், கம்பளி விடுதியுடையது. பைபோலத் தைத்த விரிப்போ பயணியுடையது. நூறு பேர் மாறி மாறிப் போர்த்தும் கம்பளியை நாளாந்தம் கழுவ முடியாது. ஆனால் அவரவர் துணியை அவரவர் கழுவலாம். எத்தனை எளிய யோசனை!

கழுவக் கடினமான பை

படுக்கைப் பையை ஏன் அடிக்கடி கழுவக் கூடாது என்று கேட்பீர்கள். அதன் சூடு, உள்ளே அடைத்திருக்கும் பஞ்சிலோ இறகிலோ இல்லை. அவற்றுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்றில்தான் இருக்கிறது. வியர்வையும் உடலின் எண்ணெய்ப் பசையும் ஊறினால் அடைப்பு கட்டிபட்டு, காற்று நிற்க இடமில்லாமல் போகும். அடித்துக் கழுவினாலும் அதே கதிதான். நனைந்த பை காய்வதற்கோ நாட்கள் எடுக்கும். ஆகவே பையைக் கழுவ வேண்டிய தேவையைக் குறைப்பதே புத்தி. உள்ளுறை அதைச் செய்கிறது.

எவ்வளவு சூடு?

இதில் உண்மையைச் சொல்ல வேண்டும். விற்பவர்கள் சிலர் பெரிய பெரிய கணக்குகள் சொல்வார்கள். ஒரு மெல்லிய துணி ஒரு கம்பளியாகிவிடாது. ஆனால் பைக்கும் உடலுக்கும் இடையில் இன்னொரு காற்றுப் படையை அது உண்டாக்குகிறது. பையின் நைலோன் துணி சில்லென்று தோலில் படாமலும் காக்கிறது. தம்பி தங்கையருக்கு இரவில் போர்வை இழுத்துவிட்ட உங்களுக்கு அந்தச் சிறு வித்தியாசத்தின் அருமை தெரியும்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலும், ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றரளவிலும் இருக்கின்றன. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிவதுண்டு. கொழும்பிலும் காத்தான்குடியிலும் மின்விசிறியின் கீழ் உறங்கிய பிள்ளைக்கு அது வேறொரு உலகம்.

பை வாங்குவோர் இன்னொன்றையும் கவனியுங்கள். தரமான பைகளில் இரண்டு வெப்பநிலைகள் எழுதப்பட்டிருக்கும். 2002இல் வந்த ஐரோப்பியத் தர அளவுகோலில் இருந்து தொடரும் வழக்கம் இது. 'கம்ஃபர்ட்' எனப்படும் முதல் கணக்கு ஒரு சராசரிப் பெண்ணை வைத்து எடுக்கப்பட்டது. 'லிமிட்' எனப்படும் அதைவிடக் குறைந்த கணக்கு ஓர் ஆணை வைத்து எடுக்கப்பட்டது. ஒரே பையில் பெண்ணுக்கு முதலில் குளிரும் என்பதை அளந்தவர்களே ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். மகளுக்கு வாங்கும்போது முதற் கணக்கையே பாருங்கள்.

உள்ளுறையை விட முக்கியமான ஒன்றும் உண்டு. அது கீழே விரிப்பது. நாம் படுக்கும்போது முதுகின் கீழுள்ள பஞ்சு நசுங்கிவிடுகிறது. அங்கே காற்று இல்லை, சூடும் இல்லை. நிலம் உடற்சூட்டை உறிஞ்சிக் கொள்ளும். ஆகவே ஒரு ஃபோம் விரிப்பு அவசியம். அது இல்லையேல் பன்பாயும் அதன் கீழ் கார்ட்போர்ட் மட்டையும் ஓரளவு கைகொடுக்கும்.

தைப்பது எப்படி?

60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் கொண்ட ஒற்றைக் கட்டில் விரிப்பு ஒன்று போதும். பழையதானால் இன்னும் மென்மை. புதுத் துணியானால் முதலில் கழுவிக் காய வையுங்கள்; சுருங்குவது வெட்டுமுன் சுருங்கட்டும்.

விரிப்பை நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். இப்போது அகலம் 30 அங்குலம். ஒரு பக்கம் மடிப்பு, தைக்கத் தேவையில்லை. கால்மாட்டையும் மறுபக்கத்தையும் தையுங்கள். மறுபக்கத்தில் மேலிருந்து இரண்டு அடியைத் தைக்காமல் திறந்து விட்டு, ஓரத்தை மடித்து அடியுங்கள். பிள்ளை நுழையவும், அவசரத்தில் உடனே வெளியே வரவும் அந்தத் திறப்பு வேண்டும். திறப்பு முடியும் இடத்தில் இரண்டு மூன்று தையல் கூடுதலாகப் போடுங்கள்; கிழிவது அங்கேதான். பிள்ளை சிறியவளாயின் நீளத்தைக் குறைத்துக் கொள்ளலாம். பை கால்பக்கம் ஒடுங்கியதாயின் உறையையும் அப்படியே ஒடுக்குங்கள்.

கால்மாட்டு மூலைகள் இரண்டிலும் ஒவ்வொரு நாடா தையுங்கள். பல பைகளின் உள்ளே சிறு வளையங்கள் இருக்கும். அவற்றில் கட்டிவிட்டால் புரண்டு படுக்கும்போது உறை முறுகாது. கழுத்துப் பக்கம் மட்டும் இழுத்துக் கட்டும் நாடா எதுவும் வைக்க வேண்டாம். கைக்குழந்தைகளை ஒருபோதும் இத்தகைய பையில் படுக்க வைக்கவும் வேண்டாம்.

மிஞ்சிய துணியில் தலையணை உறை ஒன்று தைத்து விடுங்கள். இரவில் சுவெட்டரை மடித்து அதற்குள் வைத்தால் அதுவே தலையணை.

பட்டுத் துணியில் செய்தவையும் கடைகளில் உண்டு. பருத்தியை விடப் பாரமும் குறைவு, மடித்தால் இடமும் குறைவு, விலைதான் அதிகம். பருத்திக்கு ஒரு குறை இருக்கிறது: ஈரத்தை உறிஞ்சி வைத்துக் கொள்ளும். ஈரமான பருத்தி குளிரைக் கூட்டும். ஆகவே உறையைப் பொலித்தீன் பையில் கட்டி அனுப்புங்கள். வுழூச் செய்த கால்களை நன்றாகத் துடைத்துவிட்டு, உலர்ந்த காலுறை அணிந்தே உள்ளே நுழையச் சொல்லுங்கள். பகலில் உடுத்திய ஈர உடுப்போடு படுக்க வேண்டாம். குளிருக்காகத் தலையையும் உள்ளே இழுத்துக் கொண்டால் மூச்சின் ஈரம் பைக்குள் தங்கும். தலைக்கு ஒரு தொப்பியோ ஸ்காஃபோ போதும்.

பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாதது

சகோதரிகளே, "நான் முகாமுக்குப் போகவில்லை" என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். காரணம் கேட்டால் சொல்ல மாட்டார்கள். எப்போதாவது இரவில் சிறுநீர் போய்விடும் பிள்ளையாக இருக்கலாம். மாத நாட்கள் அந்த மூன்று நாளில் வந்துவிடுமோ என்று அஞ்சும் பிள்ளையாகவும் இருக்கலாம். இரவல் பையில் கறை பட்டுவிட்டால்? எல்லோர் முன்னிலையிலும் அதை எடுத்துக் காயப் போட வேண்டி வந்தால்? அந்த வெட்கம் பிள்ளையின் மனதில் மலைபோல் நிற்கும்.

அவளுக்குக் கருமையான நிறத்தில் இரண்டு உள்ளுறைகள் தைத்துக் கொடுங்கள். உறைக்கும் பைக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றும், அதன்மேல் ஒரு துவாயும் இடுப்பளவில் வைக்கும் விதத்தை வீட்டிலேயே பழக்குங்கள். ஏதும் நடந்தால் உறையை உருவி, சுருட்டி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டிவிட்டு மற்றதை எடுத்துக் கொள்வாள். பைக்குச் சேதமில்லை, யாருக்கும் தெரிய வேண்டியதுமில்லை. சுபஹுத் தொழுகைக்குச் சுத்தமாக எழுந்து நிற்கவும் முடியும்.

படுக்கு முன் விரிப்பை உதறிக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் எமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நாம் இல்லாத வேளையில் அதில் என்ன வந்து சேர்ந்தது என்பதை நாம் அறியோம். வீட்டுக் கட்டிலிலேயே இது ஒழுக்கமென்றால், அட்டையும் எறும்பும் சிலந்தியும் உலாவும் கூடாரத்தில் எவ்வளவு அவசியம்! உறையைத் தினமும் காலையில் உருவி வெயிலில் உதறவும், இரவில் மீண்டும் உதறிப் படுக்கவும் மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

திரும்பி வந்த பின்

அவள் வீட்டுக்கு வந்த அன்றே உறையைச் சுடுதண்ணீரில் சவர்க்காரமிட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். பையை உட்புறம் வெளியாகத் திருப்பி ஒருநாள் முழுக்கக் காற்றாட விடுங்கள். இரவல் பையானால் அப்படிச் செய்தே திருப்பிக் கொடுங்கள். அது நாம் செலுத்த வேண்டிய நன்றி. சொந்தப் பையானால் இறுக்கிச் சுருட்டி வைக்காமல் பெரிய துணிப் பையில் தளர்வாக வையுங்கள். ஓரிரு மாதங்களுக்குள் இரவில் அரிப்பு வந்தால் வீட்டு வைத்தியம் செய்து நாளைக் கடத்தாமல் டொக்டரிடம் காட்டுங்கள். பேனையும் மூட்டைப் பூச்சியையும் உள்ளுறை முற்றாகத் தடுத்துவிடும் என்று நம்பி இருந்துவிடவும் வேண்டாம். பிள்ளையின் தலையையும் பையின் தையல் ஓரங்களையும் ஒருமுறை பார்த்துக் கொள்ளுங்கள்.

முகாமுக்கு மட்டுமல்ல, ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாகத் தங்கும் இரவுக்கும் இந்த உறை உதவும். ஹஜ்ஜுக்குச் செல்லும் பெண்களுக்கு முஸ்தலிபாவின் திறந்தவெளி இரவில் சுத்தமான விரிப்பாகவும் மறைப்பாகவும் இருக்கும். இஹ்ராமில் இருக்கும் ஆண்கள் இது பற்றித் தமது ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக் கொள்ளட்டும்.

இலங்கையில் பெண் சாரணியம் 1917இல் ஆரம்பமானது. அன்றிலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் கூடாரம் அடிக்கவும், நெருப்பு மூட்டவும், தம்மைத் தாமே கவனித்துக் கொள்ளவும் அதில் கற்றிருக்கிறார்கள். நம்முடைய மகள் அதை இழப்பது ஓர் அழுக்குப் பைக்குப் பயந்தா? குளிருக்குப் பயந்தா? வெளியில் சொல்ல முடியாத ஒரு வெட்கத்துக்குப் பயந்தா?

என் மகள் இரண்டாம் முறை முகாமுக்குப் போய் வந்து, பையைத் திறந்து உறையை எடுத்துத் தந்தபோது, "உம்மா, ராத்திரி மூக்கை மூடிக்கொண்டு படுத்தேன், வீட்டு வாசம் வந்தது" என்றாள். தங்கைக்கு வேண்டிய உறையை இப்போது அவளே தைக்கிறாள்.