கப்பலில் அம்மாவின் மாத்திரை டப்பா

பெங்களூரு பிரேசர் டவுனுக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற பேட்டை. கப்பல் ஏற வேண்டுமென்றால் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் பிடித்துச் சென்னைக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் விமானத்தில் சிங்கப்பூர் போக வேண்டும். அப்படியிருந்தும் கோல்ஸ் பார்க்கில் காலை நடை முடித்து பெஞ்சில் உட்காருகிற பெரியவர்கள் பேச்சில் இப்போது அடிக்கடி கப்பல் வருகிறது. அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போய்விட்டு வந்தால், கையோடு கப்பல் டிக்கெட்டை நீட்டுகிறார்கள் பிள்ளைகள். "மூணு ராத்திரிதான்மா, எல்லாம் அவங்களே பார்த்துப்பாங்க" என்ற உத்தரவாதத்தோடு.

முதல் தடவை போகிறவர்களுக்கு யோசனை சொல்லி எழுதுங்கள் என்றுதான் கேட்டார்கள். உடுப்பு, சாப்பாடு, போட்டோ எடுக்க நல்ல இடம் என்று வரிசையாக எழுதிவிடலாம். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். இந்தியப் பயணிகள் அதிகம் ஏறுகிற கப்பல்களில் சைவம், ஹலால், ஜைனர் சமையல் எல்லாம் உண்டு, டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைத்தால் போதும். ராத்திரி விருந்துக்கு ஒரு பட்டுப்புடவை, ஒரு முழுக்கால் சட்டை, கால் வழுக்காத செருப்பு. விசாவில் ஒன்றை மட்டும் பாருங்கள். சிங்கப்பூரில் கிளம்புகிற கப்பல் சிங்கப்பூருக்கே திரும்புகிறது. இரண்டாம் முறை உள்ளே நுழைய உங்கள் விசா இடம் தர வேண்டும். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். மற்றதை ஏஜென்ட் சொல்வார்.

அவர் சொல்லாமல் விடுகிற விஷயம்தான் எனக்குக் கவலை.

இந்தப் பேட்டையில் விசாரித்தவரை, முதல் முறை கப்பல் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை, பிரஷர், முட்டிவலி, சிலருக்கு இதயத்தில் ஸ்டென்ட். அந்தக் காலத்து 'ராஜுலா' கப்பலைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்ட வீடுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1970-களின் தொடக்கம் வரை மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள் பலர். ஆனால் அவர்கள் பிழைக்கப் போன இளவயதுக்காரர்கள். இன்றைக்குக் குளிரூட்டிய அறையில் போகிறவருக்கு ராத்திரி எட்டு மணிக்கு இன்சுலின் போட்டாக வேண்டும். வசதி கூடியிருக்கிறது, உடம்பு வேறு உடம்பு.

மாஸ்க் ரோடு பக்கம் ஒரு வீட்டில், பயணத்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா தன் மாத்திரை டப்பாவைத் திறந்து காட்டினார். ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை. வெள்ளை மாத்திரை மூன்று, மஞ்சள் ஒன்று, பாதியாக உடைத்த இளஞ்சிவப்பு ஒன்று. எது எதற்கு என்று கேட்டால் அவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்தில் கிடந்த அட்டைகளைப் புரட்டினேன். மருந்துக்கடையில் கத்தரித்துக் கொடுத்த நான்கு நான்கு மாத்திரை. ஒன்றில் 'மெட்ஃபா' வரைக்கும்தான் இருக்கிறது, மீதிப் பெயரும் காலாவதித் தேதியும் கத்தரிக்கோலோடு போய்விட்டன. இந்த அம்மாவுக்கு நடுக்கடலில் மயக்கம் வந்தால், கப்பல் டாக்டர் பிலிப்பைன்ஸ்காரரோ தென்னாப்பிரிக்கக்காரரோ, அந்த டப்பாவைப் பார்த்து என்ன முடிவுக்கு வருவார்?

அதனால் முதல் வேலை, மருந்தை முழு அட்டையாக, பில்லோடு வாங்குவது. ஏழு அறை டப்பா வீட்டிலேயே இருக்கட்டும். மூன்று நாள் பயணத்துக்கு ஒரு வார மருந்து வேண்டும். புயல் வந்தால் கப்பல் தாமதமாகும், விமானம் தவறலாம். உங்கள் டாக்டரிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேளுங்கள். நோய் என்ன, மருந்தின் மூலப்பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம், எதற்கு ஒவ்வாமை என்று ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். கம்பெனி வைத்த பெயர் நம் ஊர் எல்லையைத் தாண்டினால் யாருக்கும் புரியாது. கடைசியாக எடுத்த ஈசிஜியையும் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஈசிஜி கையில் இருந்தால், புதிதாக எடுத்ததில் எது மாறியிருக்கிறது என்று டாக்டர் உடனே பார்த்துவிடுவார்.

தூக்க மாத்திரை விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அல்பிரசோலம், டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து இவையெல்லாம் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. சிங்கப்பூரிலும் துபாயிலும் இந்த வகை மருந்துகளுக்குக் கட்டுப்பாடு உண்டு, சிலவற்றுக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். பெயர் ஒட்டாத சூரணப் பொட்டலமும் லேகிய டப்பாவும் சுங்கத்தில் கேள்வியைக் கிளப்பும். விட்டுவிட்டுப் போங்கள், மூன்று நாள் லேகியம் இல்லாமல் இருக்கலாம்.

இத்தனையும் எந்தப் பையில் போகிறது என்பது அடுத்த விஷயம். துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது உங்கள் அறை வாசலுக்கு வர மத்தியானமாகலாம், சாயங்காலமும் ஆகலாம். மருந்தெல்லாம் பெட்டிக்குள் இருந்தால் மத்தியான வேளை மாத்திரை போச்சு. ஆகவே தோளில் மாட்டும் பையில்தான் மருந்து. இன்சுலின் போடுகிறவர்கள், அறையில் இருக்கும் சின்ன ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம். பல கப்பல்களில் அது பானங்களைக் குளிர்விக்கும் பெட்டி, 2 முதல் 8 டிகிரி வரை சீராக வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. திறக்காத பேனாவை மருத்துவப் பிரிவில் வைத்துத் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். திறந்தது பெரும்பாலும் நான்கு வாரம் வரை அறை வெப்பத்தில் தாங்கும், பாட்டிலில் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசியைப் போடத் தனி டப்பா கேட்டால் தருவார்கள். குப்பைக்கூடையில் போடாதீர்கள், பெட் சரிசெய்கிற பையன் கையில் குத்தும்.

கடலாட்டம் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். பெரிய கப்பல்களில் இருபக்கமும் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருப்பதால், அமைதியான கடலில் பலருக்கு அது தெரிவதே இல்லை. எந்தக் கடல், எந்த மாதம் என்பதுதான் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடா புயல் காலம். சுமத்ரா தீவு மறைப்பதால் மலாக்கா நீரிணை வருடம் முழுக்க ஓரளவு அடக்கமாகவே இருக்கும். பெற்றோரை முதன்முதலாக அனுப்புகிறவர்களுக்கு சிங்கப்பூர், பினாங்கு வழியே என் சிபாரிசு. சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போகிற கப்பலும் 2022-க்குப் பிறகு வந்திருக்கிறது. அதில் போவதாக இருந்தால் மாதத்தைப் பார்த்துப் போடுங்கள்.

அறையை எடுக்கும்போது மேல் அடுக்கு பால்கனி என்று ஆசை காட்டுவார்கள். ஆட்டம் குறைவாக இருப்பது கப்பலின் நடுவில், கீழ் அடுக்கில். அதுதான் விலையும் குறைவு. முன்னூறு மீட்டர் நீளக் கப்பலில் கடைக்கோடி அறை கிடைத்தால் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் முட்டி பதில் சொல்ல வேண்டியிருக்கும், லிஃப்ட் பக்கமாகக் கேளுங்கள்.

வாந்தி மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டுப் பயனில்லை, முன்னாலேயே போட வேண்டும். ஆனால் ஊட்டி பஸ்ஸில் போட்டுக்கொள்கிற அதே மாத்திரையை வயதானவர்கள் யோசிக்காமல் விழுங்கக் கூடாது. புரோமெதசின் வகை மருந்துகள் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொண்டுவரும். பிராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், சில வகைக் கண் அழுத்தத்துக்கும் ஆகாது. ஆடுகிற தரையில் தள்ளாட்டமும் சேர்ந்தால் இடுப்பு எலும்பு என்ன ஆகும்? இஞ்சி முரப்பா சிலருக்குக் கேட்கிறது. திறந்த டெக்கில் நின்று தொடுவானத்தைப் பார்ப்பது எல்லோருக்கும் இலவசம்.

இப்படிப் பயமுறுத்தினால் யார் போவார்கள் என்று பிள்ளைகள் தரப்பில் கேட்கிறார்கள், கப்பலில்தான் டாக்டர் இருக்கிறாரே என்கிறார்கள். இருக்கிறார்தான்.

கப்பல் மருத்துவப் பிரிவில் ஈசிஜி, எக்ஸ்ரே, அடிப்படை ரத்தப் பரிசோதனை, ஆக்சிஜன் எல்லாம் இருக்கும். உயிரைப் பிடித்து வைத்து அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவதற்கான ஏற்பாடு அது. அறுவை சிகிச்சைக்கும் ஆஞ்சியோவுக்கும் இடமில்லை. பார்த்தால் கட்டணம், அதுவும் வெளிநாட்டுப் பணத்தில், உங்கள் அறைக் கணக்கில் ஏறும். நம் ஊரில் வருடா வருடம் கட்டுகிற மெடிக்ளெய்ம் பெரும்பாலும் நாட்டு எல்லையோடு நின்றுவிடும். பினாங்கில் இறக்கிவிட்டால் துணைக்கு ஒருவர் இறங்க வேண்டும், ஓட்டல், திரும்புகிற விமானம், மொழி, எல்லாம் அந்தக் குடும்பத்தின் தலையில். கப்பல் தன் வழியே போய்விடும்.

அவசரம் வந்தால் அமெரிக்காவில் இருக்கிற மகனை வாட்ஸ்அப்பில் கூப்பிடலாம் என்று நினைக்காதீர்கள். கரை மறைந்ததும் போன் சாட்டிலைட் வழியான கடல் ரோமிங்கைப் பிடிக்கும், பில் எகிறும். ஏறியதுமே ஏரோபிளேன் மோடில் போடுங்கள். கூப்பிட வேண்டியது அறைத் தொலைபேசியில் இருக்கிற அவசர எண்ணை. முதல் நாளே அதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டுங்கள்.

முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். முட்டிவலி என்று யாரும் அறையில் படுத்துவிடக் கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அதில் புதிதாக ஏறியவர்களில் பலர் பயிற்சியே எடுத்திருக்கவில்லை. அதன்பிறகுதான் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. ஏழு குட்டை ஊதல், பிறகு ஒரு நீள ஊதல் என்றால் கூடும் இடத்துக்குப் போக வேண்டும். அப்போது லிஃப்டில் ஏறக் கூடாது. படியேற முடியாதவர் என்றால் ஏறும்போதே வரவேற்பு மேஜையில் பெயர் கொடுங்கள், உதவிக்கு ஆள் ஒதுக்குவார்கள்.

நடமாட்டம் குறைந்தவர்கள் துறைமுகத்தையும் விசாரிக்க வேண்டும். பினாங்கு ஜார்ஜ் டவுனில் கப்பல் மேடையோடு ஒட்டி நிற்கும், சக்கர நாற்காலியில் இறங்கிவிடலாம். புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் கரைக்கு அனுப்பும். ஆடுகிற படகில் கால் மாற்றி வைக்க முடியாதவர் கப்பலிலேயே இருந்துவிடுவது நல்லது. புக்கெட்டில் இன்னொரு வலை இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பின்னால். கரை இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறும், கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடலாம். போனில் நாலு மணி என்றால் கப்பலில் ஐந்து. கையில் ஒரு பழைய கடிகாரத்தைக் கட்டிக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரைக்கும் அதே நேரம்.

இன்னொன்று கை கழுவுவது. பல ஆயிரம் பேர் ஒரே கரண்டியைத் தொடுகிற பஃபேயில் நோரோவைரஸ் சுலபமாகப் பரவும். வாசலில் தெளிக்கிற ஆல்கஹால் ஜெல் அந்தக் கிருமிக்கு அவ்வளவாக வேலை செய்யாது, சோப்பும் தண்ணீரும்தான். 1898 பிளேக்குக்குப் பிறகு நெரிசலைக் குறைக்க உருவான குடியிருப்பு நம் பிரேசர் டவுன். 1906-ல் அடிக்கல் நாட்டினார்கள். தொற்றைப் பற்றி இந்தப் பேட்டைக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2020 பிப்ரவரியில் யோகோஹாமாவில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பலில் 3,711 பேர் அடைபட்டு, 700-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொரோனா வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அறையிலேயே இருக்கச் சொல்வார்கள், கோபப்படாதீர்கள்.

பணம் பற்றி ஒரு வரி. கப்பலில் கொடுக்கிற அட்டைதான் அறைச் சாவி, அடையாளம், பர்ஸ் மூன்றும். பெரியவர்களுக்குக் கழுத்தில் மாட்டிவிடுங்கள். அதோடு இணைக்கிற வங்கி அட்டை கிரெடிட் கார்டாக இருக்கட்டும், டெபிட் கார்டு என்றால் பென்ஷன் பணம் சில நாள் முடங்கும்.

புறப்படுகிற நாளில் காலை ரயிலைப் பிடித்துச் சாயங்காலம் கப்பல் ஏறலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முந்தின நாளே துறைமுக ஊரில் தங்கிவிடுங்கள், அலுப்போடு ஏறுகிற உடம்பு முதல் ராத்திரியே படுத்துவிடும்.

டிக்கெட் போடும் முன் காப்பீட்டு முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பாலிசி கடல் பயணத்துக்குப் பொருந்துமா? அம்மாவுக்கு ஏற்கெனவே இருக்கிற சர்க்கரையும் பிரஷரும் சேர்த்தியா, அல்லது உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமா? கப்பலிலிருந்து கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற செலவை யார் கட்டுவது? பதில் எழுத்தில் வரும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.